சூப்பர் நின்டெண்டோவுக்கு முதல் கேசட் எது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர் நின்டெண்டோ ஒன்று கைக்கு வந்துவிட்டது. டிவியில் மாட்டி பவரைப் போட்டால் சின்னச் சிவப்பு விளக்கும் எரிகிறது. அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: எந்த கேமை வாங்குவது?

தேடினால் பட்டியல்கள் கொட்டும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே பத்துப் பதினைந்து பெயர்கள். அவை நல்ல கேம்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சூப்பர் மெட்ராய்டும் நல்லது, சூப்பர் மாரியோ வேர்ல்டும் நல்லது என்றால் எதை முதலில் எடுப்பது? வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுபவருக்கு ஒன்று பொருந்தும், விடுமுறையில் மூன்று மணி நேரம் உட்காருபவருக்கு வேறொன்று பொருந்தும். தரவரிசை எண்ணில் இது தெரியாது.

நான் முதலில் வாங்கியது ஒரு நீண்ட ஆர்பிஜி, அதாவது பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே பெரிய கதையில் பயணிக்கும் கேம். பட்டியலில் மேலே இருந்தது, அதனால் வாங்கினேன். ஒரு ராத்திரி ஆட உட்கார்ந்து, ஒரு குகைக்குள் போய், சேவ் செய்யும் இடம் எங்கே என்று தெரியாமல் நாற்பது நிமிடம் சுற்றினேன். காலையில் சீக்கிரம் எழ வேண்டும். வேறு வழியில்லாமல் அணைத்தேன், அந்த நாற்பது நிமிடமும் போயிற்று. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டபோது யாரிடம் பேச வேண்டும், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதே நினைவில் இல்லை. அந்த கேம் மேல் குற்றமில்லை. அந்த மாதம் என்னிடம் இருந்த நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தக் கேசட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதை எங்கே நிறுத்தலாம், நிறுத்திய இடத்திலிருந்து எப்படித் தொடரலாம்?

இப்போதைய கன்சோல்களில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆட்டத்தின் நடுவில் தூங்க வைத்துவிட்டு மறுநாள் அதே நொடியில் தொடரலாம். இந்தப் பழைய பெட்டியில் பவரை அணைத்தால் அணைத்ததுதான். கேசட் எதை நினைவில் வைத்திருக்கிறதோ அது மட்டும் மிஞ்சும். ஆகவே தேர்வையும் அங்கிருந்தே தொடங்குவோம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை இருக்கிறது.

1. உங்கள் பெட்டி எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள்

இந்தக் கன்சோல் ஜப்பானில் 1990 நவம்பரில் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. வட அமெரிக்காவுக்கு 1991இலும் ஐரோப்பாவுக்கு 1992இலும் போனது. மூன்றுக்கும் உள்ளே ஏறக்குறைய அதே கருவிதான், ஆனால் ஒன்றின் கேசட் இன்னொன்றில் அப்படியே ஓடாது.

வட அமெரிக்கக் கேசட்டின் வடிவமே வேறு. ஜப்பான் கேசட்டை அமெரிக்கப் பெட்டியில் நுழைக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் முனைகள் தடுக்கும். தடை அந்த முனைகள் மட்டும்தான், மின்சாரப்படி இரண்டும் ஒத்துப்போகும். ஐரோப்பியக் கதை இதற்கு நேர்மாறு. ஐரோப்பியக் கேசட்டும் ஜப்பான் கேசட்டும் வடிவத்தில் ஒன்று, கையோடு உள்ளே போய்விடும், ஆனால் கேசட் எந்த நாட்டுடையது என்று சோதிக்கும் பூட்டுச் சிப் ஒத்துக்கொள்ளாமல் திரை கறுப்பாகவே நிற்கும்.

ஐரோப்பியப் பெட்டி நொடிக்கு 50 முறை படம் காட்டும், மற்ற இரண்டும் 60 முறை. நிறைய கேம்களை இந்த வித்தியாசத்துக்காகத் திருத்தாமலேயே ஐரோப்பாவில் விற்றார்கள். அதனால் அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுபடும், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும். அந்த வேகத்திலேயே ஆடி வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தாது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு, அதுவும் எஃப்-ஜீரோ மாதிரி வேகத்தையே நம்பி நிற்கும் கேமில், அது பெரிய இழப்பு.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஸ்டார் ஃபாக்ஸ் ஐரோப்பாவில் ஸ்டார்விங். கான்ட்ரா 3 அங்கே சூப்பர் புரோபோடெக்டர், மனித வீரர்களுக்குப் பதிலாக ரோபோக்கள். அமெரிக்கக் கேசட்டில் ஃபைனல் ஃபேண்டஸி 3 என்று அச்சடித்திருப்பது உண்மையில் ஜப்பானின் ஆறாவது பாகம், ஃபைனல் ஃபேண்டஸி 2 என்றிருப்பது நான்காவது பாகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே கேமை இரண்டு பெயரில் தேடி அலைபவர்கள் உண்டு.

ஜப்பான் கேசட்டை எழுத்து புரியாது என்ற பயத்தில் ஒதுக்க வேண்டாம். குதித்து ஓடும் கேம், கார் கேம், சண்டை கேம் எதற்கும் ஜப்பானிய மொழி தேவையில்லை. கதை சொல்லும் ஆர்பிஜிக்கு மட்டும் கண்டிப்பாகத் தேவை.

2. கேசட் எதை நினைவில் வைத்திருக்கிறது?

இந்தக் கன்சோலின் கேம்கள் மூன்று வகை.

முதல் வகையில் கேசட்டுக்குள் சிறிய நினைவகச் சிப் ஒன்றும், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு பேட்டரியும் இருக்கும். கைக்கடிகாரத்தில் போடுவதைவிடச் சற்றுப் பெரிய, 3 வோல்ட் காசு பேட்டரி, சிஆர்2032 வகை. செல்டா, சூப்பர் மெட்ராய்டு, மாரியோ வேர்ல்டு, டாங்கி காங் கன்ட்ரி, ஆர்பிஜிகள் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகை, பாஸ்வேர்டு தருவது. மெகா மேன் எக்ஸ் 12 இலக்கங்களைத் திரையில் காட்டும், நீங்கள் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே உள்ளிட்டுத் தொடரலாம். மூன்றாவது வகைக்கு நினைவே கிடையாது. ஸ்டார் ஃபாக்ஸ், கான்ட்ரா 3 போன்றவை உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் ஆடி முடிப்பதற்காகச் செய்யப்பட்டவை.

மூன்றாவது வகையை மட்டமாக நினைக்காதீர்கள். ஸ்டார் ஃபாக்ஸில் மூன்று பாதைகள் உண்டு, ஒரு பாதையை முடிக்க ஒரு மணி நேரம் போதும். மாலையில் ஒரு சுற்று, அடுத்த நாள் வேறு பாதையில் ஒரு சுற்று என்று ஆடலாம். விட்ட இடம் எது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டியதே இல்லை, மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பேட்டரி வகையிலும் எங்கே சேவ் செய்ய முடியும் என்பது கேமுக்கு கேம் மாறும். இந்த வித்தியாசம்தான் பல ஜோடிகளில் முடிவைத் தீர்மானிக்கும். வாங்க நினைக்கும் ஒவ்வொரு கேமையும் இந்தக் கண்ணால் ஒரு முறை பாருங்கள், பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

3. ஜோடி ஜோடியாக வைத்துப் பாருங்கள்

நூறு கேமில் ஒன்றை எடுப்பது கஷ்டம், இரண்டில் ஒன்றை எடுப்பது சுலபம். ஒரே மாதிரி ஆசையைத் தீர்க்கும் இரண்டு கேம்களைப் பக்கத்தில் வைத்து எது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஜோடிகளைச் சொல்கிறேன்.

மாரியோ வேர்ல்டா, டாங்கி காங் கன்ட்ரியா?

இரண்டும் ஓடிக் குதிக்கும் கேம். மாரியோ வேர்ல்டு கன்சோலோடு சேர்ந்தே 1990இல் வந்தது. டாங்கி காங் கன்ட்ரி 1994இல் வந்தது. ரேர் நிறுவனம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாணமாக உருவங்களைச் செய்து, அவற்றைப் படங்களாக மாற்றிக் கேசட்டுக்குள் வைத்தது. முதல் பார்வையில் டாங்கி காங்தான் கண்ணைப் பறிக்கும். தண்ணீருக்கடியில் நீந்தும் லெவலில் டேவிட் வைஸ் போட்ட இசை வரும்போது நான் குரங்கை நகர்த்தாமல் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனாலும் முதல் கேசட் என்று கேட்டால் நான் மாரியோவைத்தான் கையில் கொடுப்பேன். காரணம் கட்டைவிரலில் இருக்கிறது. கன்ட்ரோலரில் இடது பக்கம் ஒய் பட்டன், கீழே பி பட்டன். ஓட ஒய், குதிக்க பி. கட்டைவிரலின் நுனியால் ஒய்யை விடாமல் அழுத்திக்கொண்டு, அதே விரலின் நடு மூட்டை லேசாகச் சாய்த்து பி-யைத் தட்ட வேண்டும். முதல் பத்து நிமிடம் விரல் குழம்பும். அப்புறம் தானாக வந்துவிடும், வந்த பிறகு இந்தக் கன்சோலில் பாதி கேம்களுக்கு உங்கள் கை தயாராகிவிடும். மாரியோ வேர்ல்டு இதைக் கற்றுக்கொள்ள இடம் தருகிறது. ஆரம்ப லெவல் ஒன்றில் எதிரிகள் வரிசையாக வருவார்கள், ஓர் ஆமையின் ஓட்டை உதைத்துவிட்டால் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக விழுவார்கள். தப்பாகக் குதித்தாலும் மாரியோ ஏறிப் போகும் யோஷி என்ற டைனோசர் மேல் இருந்தால் அடி அதற்குப் போகும், நீங்கள் பிழைப்பீர்கள்.

டாங்கி காங் அவ்வளவு மன்னிக்காது. இரண்டு குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. சுரங்க வண்டியில் போகும் லெவல் ஒன்று சீக்கிரமே வரும், அதில் தண்டவாளம் எங்கே உடைந்திருக்கிறது என்று மனப்பாடம் ஆகும்வரை விழுந்துகொண்டே இருப்பீர்கள். சேவ் செய்ய ஒவ்வொரு உலகத்திலும் கேண்டி என்ற பெண் குரங்கு இருக்கும் இடம்வரை போயாக வேண்டும். மாரியோவில் கோட்டையையோ பேய் வீட்டையோ முடித்தால் சேவ் கேட்கும், முடித்த பேய் வீட்டுக்கே திரும்பப் போய் இன்னொரு முறை முடித்தும் சேவ் செய்துகொள்ளலாம். அரை மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

முழுக்க முடிக்க நினைப்பவருக்கும் மாரியோவில் வேலை இருக்கிறது. லெவல்களை முடித்து வெளியேறும் வாசல்கள் மொத்தம் 96. கதையை முடிக்க அதில் கொஞ்சம் போதும், மீதியைத் தேடுவது தனிச் சுகம். வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் லெவல்களில் இரண்டாவது வாசல் ஒளிந்திருக்கிறது, இது மட்டும் தெரிந்தால் போதும், வேறு குறிப்பு பார்க்காதீர்கள்.

செல்டாவா, சூப்பர் மெட்ராய்டா?

எனக்கு இந்தக் கன்சோலே இந்த இரண்டு கேம்களால்தான் பிடித்தது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செல்டாவின் எ லிங்க் டு த பாஸ்ட் ஜப்பானில் 1991இல் வந்தது, சூப்பர் மெட்ராய்டு 1994இல். இரண்டிலும் ஒரு பெரிய இடத்தில் உங்களை இறக்கிவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்துப் பூட்டிய வழிகளைத் திறக்கச் சொல்வார்கள். ஆனால் சொல்லும் விதம் ரொம்பவே வேறு.

செல்டா மழை பெய்யும் ஓர் இரவில் ஆரம்பிக்கிறது. தூக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. மாமா வாளை எடுத்துக்கொண்டு, வீட்டைவிட்டு வராதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நீங்களும் வெளியே வருகிறீர்கள். எந்தப் பக்கம் போனாலும் காவலர் வழிமறிப்பார். கோட்டை ஓரமாக இருக்கும் ஒரு புதரைத் தூக்கினால் அடியில் ஒரு குழி. அதில் விழுந்தால் மாமா அடிபட்டுக் கிடக்கிறார், வாள் உங்கள் கைக்கு வருகிறது. ஐந்து நிமிடத்துக்குள் நடப்பது, பார்ப்பது, தூக்குவது, வெட்டுவது எல்லாம் வந்துவிட்டது, பாடம் நடத்தியதாக எங்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் வரைபடத்தில் அடுத்துப் போக வேண்டிய இடத்துக்குக் குறி போட்டிருக்கும். எந்த நேரத்திலும் செலக்ட் பட்டனை அழுத்திச் சேவ் செய்து நிறுத்தலாம். மறுபடி தொடங்கும்போது வீட்டிலோ, கோட்டைக்கு அருகே உள்ள வழிபாட்டு இடத்திலோ நிற்பீர்கள், ஆனால் எடுத்த பொருள் எதுவும் போகாது. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம் ஆடுபவருக்கு இதைவிட நல்ல நீண்ட கேம் இந்தக் கன்சோலில் இல்லை என்பேன்.

சூப்பர் மெட்ராய்டு பேசவே பேசாது. முன்கதை முடிந்ததும் வெடிக்கப் போகும் விண்வெளி நிலையத்திலிருந்து 60 நொடியில் தப்பிக்கச் சொல்லும். பிறகு மழையும் இருட்டுமாக ஒரு கிரகம். இறங்கியதும் எதிரி யாரும் இல்லை. வெறும் கட்டடங்கள், மழைச் சத்தம். கீழே போய்ப் பந்தாகச் சுருளும் கருவியை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டு வந்த வழியே திரும்பினால், முன்பு காலியாக இருந்த அதே அறைகளில் இப்போது எதிரிகள். யாரோ உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்பதை ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்லிவிடுகிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று. ஆழமான ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஏறும் வழி தெரியாது. அங்கே குரங்கு மாதிரி மூன்று பச்சைப் பிராணிகள் சுவருக்குச் சுவர் உதைத்து மேலே ஏறிக் காட்டும், திரும்பக் கீழே வந்து மறுபடி காட்டும். அதைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டும். சுழன்று குதித்துச் சுவரைத் தொட்டதும் திசை பட்டனை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு கணம் கழித்து குதிக்கும் பட்டனைத் தட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் வராது. எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த வித்தை ஆரம்பத்திலிருந்தே நம் கையில் இருந்தது, யாரும் சொல்லாததால் தெரியவில்லை என்று புரிந்தபோது வந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது.

ஆனால் இதைச் சேவ் செய்ய அதற்கென்று உள்ள அறைகளுக்கோ உங்கள் கப்பலுக்கோதான் போக வேண்டும். இடைவெளி விட்டு ஆடினால் எந்தக் கதவுக்கு எந்தக் கருவி என்பது மறந்துபோகும், நினைவூட்ட ஒருவரும் இல்லை. மொத்த நீளம் அதிகமில்லை. முதல் முறை ஆடுபவர் ஏழெட்டு மணி நேரத்தில் முடிக்கலாம், பழகியவர் 3 மணி நேரத்துக்குள் முடித்தால் முடிவுக் காட்சியே மாறும். ஆகவே என் கணக்கு இது: ஒரு சனி ஞாயிறு முழுக்க உங்களுடையது என்றால் சூப்பர் மெட்ராய்டு. நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்றால் செல்டா.

கதை கேம்: குரோனோ டிரிக்கரா, ஃபைனல் ஃபேண்டஸி 6ஆ?

இரண்டும் ஸ்கொயர் நிறுவனத்தின் கேம்கள். குரோனோ டிரிக்கர் 1995, மற்றது 1994. முதல் ஆர்பிஜி என்றால் தயங்காமல் குரோனோ டிரிக்கர். எதிரிகள் கண்ணுக்குத் தெரிவார்கள், பல இடங்களில் ஒதுங்கிப் போகலாம். இருபது இருபத்தைந்து மணி நேரத்தில் முடியும். முடித்த பிறகு சேர்த்த பலத்தோடு மறுபடி முதலிலிருந்து ஆடி வேறு முடிவுகளைப் பார்க்கலாம், அவை பத்துக்கும் மேல். ஆரம்பத்தில் வரும் திருவிழாவில் ஒரு மேசைமேல் யாரோ ஒருவரின் சாப்பாடு இருக்கும். எடுத்துத் தின்றால் உடல் பலம் கூடும். பின்னால் ஒரு நீதிமன்றக் காட்சியில் அதையே சாட்சியாக உங்கள் முன் நிறுத்துவார்கள். விளையாட்டாகச் செய்த சின்னச் சின்னக் காரியங்களைக்கூட இந்தக் கேம் மறக்காது.

ஃபைனல் ஃபேண்டஸி 6இல் 14 பேரை நடத்த வேண்டும், கதை பெரிது, நடக்க நடக்கத் திடீர்ச் சண்டைகள் வரும். அருமையான கேம். இரண்டாவதாக ஆடுங்கள்.

இரண்டுமே அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு வரவில்லை. ஐரோப்பியப் பெட்டி வைத்திருப்பவர் சீக்ரெட் ஆஃப் மானாவைப் பார்க்கலாம். 1996இல் அங்கே ஆங்கிலத்தில் வந்து வட அமெரிக்காவுக்குப் போகாத டெர்ரானிக்மாவும் இருக்கிறது.

பந்தயம்: எஃப்-ஜீரோவா, மாரியோ கார்ட்டா?

தனியாக ஆடுபவர் என்றால் எஃப்-ஜீரோ. மூன்று லீக், 15 பாதைகள், நான்கு வண்டிகள், வேறொன்றும் கிடையாது. இருவர் ஆட வழியே இல்லை. நேரத்தைக் குறைப்பது ஒன்றே வேலை, அந்த ஒன்றில் மனம் அப்படியே ஒன்றிவிடும். வீட்டில் இன்னொருவர் ஆடுவார் என்றால் யோசிக்காமல் 1992இன் சூப்பர் மாரியோ கார்ட். தனியாக ஆடினாலும் இதில் திரை இரண்டாகத்தான் பிரிந்திருக்கும், கீழ்ப்பாதியில் வரைபடம் தெரியும். அது முதலில் விநோதமாக இருக்கும், பழகிவிடும். பலூன் சண்டை என்ற பகுதி இருவருக்கு மட்டும், மூன்று பலூன்களையும் இழந்தவர் தோற்றவர். பந்தயத்தைவிட அதைத்தான் அதிக நேரம் ஆடுவீர்கள்.

சுட்டுத்தள்ளும் கேம்: மெகா மேன் எக்ஸா, கான்ட்ரா 3ஆ?

ஆள் துணை இருந்தால் கான்ட்ரா 3, இல்லையென்றால் மெகா மேன். கான்ட்ராவில் ஓர் அடி பட்டால் போயிற்று. ஆப்ஷன்ஸில் லைஃபை 7 ஆக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெகா மேனில் எட்டு எதிரிகளை எந்த வரிசையிலும் எதிர்கொள்ளலாம். அவர்களில் பெங்குவின் உருவத்தில் இருப்பவரிடம் முதலில் போங்கள். அந்தப் பனி லெவலில் வழியிலேயே வேகமாகப் பாயும் கால் கவசம் கிடைக்கும், அது வந்த பிறகு மற்ற எல்லா லெவலும் இலகுவாகும்.

சண்டை கேமுக்கு ஜோடி பார்க்க வேண்டியதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பல பதிப்புகளாக வந்திருக்கிறது. 1993இன் டர்போ பதிப்பை எடுங்கள். முதல் பதிப்பில் 8 பேர்தான், இதில் நான்கு வில்லன்களையும் சேர்த்து 12 பேர், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் சூப்பர் பாம்பர்மேன், அதற்கு மல்டிடாப் என்ற கூடுதல் இணைப்பும் வேண்டும்.

4. உங்கள் டிவியையும் கணக்கில் சேருங்கள்

தட்டை டிவிகள் இந்தப் பழைய சிக்னலை வாங்கி, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். அதில் கொஞ்சம் தாமதம் ஆகும். பட்டனை அழுத்திய பிறகு மாரியோ குதிக்கிறாரா, அழுத்தும்போதே குதிக்கிறாரா என்று கவனியுங்கள். டிவியில் கேம் மோட் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். அப்படியும் தாமதம் தெரிந்தால் மெகா மேன், எஃப்-ஜீரோ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கேம் கடினமாக இருக்கிறது என்று உங்களையே நொந்துகொள்வீர்கள், தப்பு டிவியில் இருக்கும். செல்டாவுக்கும் ஆர்பிஜிகளுக்கும் இந்தத் தாமதம் பெரிதாகப் பாதகமில்லை. சூப்பர் ஸ்கோப் என்ற துப்பாக்கி வேண்டும் கேம்களைப் பழைய குழாய் டிவி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், தட்டைத் திரையில் அது வேலை செய்யாது.

படத்தை அகலமாக இழுக்காமல் 4:3 அளவிலேயே வையுங்கள்.

5. வாங்கும் முன் ஆடிப் பார்க்க வழி இருக்கிறது

நின்டெண்டோவே 2017இல் 21 கேம்கள் அடங்கிய சின்ன சூப்பர் நின்டெண்டோ ஒன்றை வெளியிட்டது. மாரியோ வேர்ல்டு, செல்டா, சூப்பர் மெட்ராய்டு, ஃபைனல் ஃபேண்டஸி 6, மெகா மேன் எக்ஸ், கான்ட்ரா 3 எல்லாம் அதில் உண்டு. 2019 செப்டம்பரிலிருந்து நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான ஆன்லைன் சந்தாவிலும் இந்தக் கன்சோலின் பல கேம்கள் கிடைக்கின்றன. நண்பர் யாரிடமாவது இவற்றில் ஒன்று இருந்தால் ஒவ்வொரு கேமையும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: எந்த இடத்திலும் சேவ் செய்ய விடும் வசதியை அப்போது தொடாதீர்கள். அதைப் பயன்படுத்திவிட்டால் அசல் கேசட்டில் அந்த கேம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விடும்.

6. கேசட்டைக் கையில் எடுத்ததும்

பெயர்பெற்ற கேம்களுக்கு, குறிப்பாக ஆர்பிஜிகளுக்கு, போலிகள் நிறைய. முன்பக்க ஒட்டியின் அச்சு மங்கலாகவோ நிறம் அளவுக்கு மீறிப் பளிச்சென்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் கேசட்டை மூடியிருக்கும் திருகுகள் சாதாரணத் திருப்புளிக்கு அசையாது, அதற்கென்று 3.8 மில்லிமீட்டர் முனை வேண்டும். சாதாரணத் திருகு இருந்தால் ஒன்று அது போலி, அல்லது யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்கள். திறந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது: அசல் பலகையில் நின்டெண்டோ பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கும். ஜப்பானில் மட்டும் வந்த ஒரு கேம், 1995இன் செய்கென் டென்செட்சு 3 மாதிரி, ஆங்கிலக் கேசட்டாக விற்பனைக்கு வந்தால் அது அசல் அல்ல, இதில் இரண்டாம் பேச்சே இல்லை.

அடுத்து சேவ் சோதனை. போட்டு, கொஞ்சம் ஆடி, சேவ் செய்து, அணைத்து, கேசட்டைக் கழற்றி வையுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உடனே பார்த்தால் சில சமயம் ஏமாறுவோம். பழைய பதிவு ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தால் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒரு குழந்தை முப்பது வருடம் முன்பு தன் பெயரில் ஆடி வைத்த பதிவாகக்கூட அது இருக்கலாம். எனக்கு வந்த செல்டா கேசட்டில் அப்படி ஒன்று இருந்தது, கடைசிக் கட்டத்துக்கு முந்தைய இடம்வரை வந்து நின்றிருந்தது. அழிக்க மனம் வராமல் இரண்டாவது இடத்தில்தான் என் ஆட்டத்தைத் தொடங்கினேன்.

பேட்டரி தீர்ந்திருந்தால் கேசட் வீணில்லை. மாற்றலாம், ஆனால் பற்றவைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும். பற்றவைக்க உலோகக் கால்கள் ஒட்டிய சிஆர்2032 வாங்குங்கள், வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைப்பது ஆபத்து. கூட்டல் கழித்தல் பக்கம் மாறக்கூடாது. பழையதை எடுத்த நொடியில் உள்ளே இருந்த பதிவுகள் அழிந்துபோகும், அதனால் முக்கியமான பதிவு இருந்தால் முதலில் அந்த ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

படம் வராமல் கோடு கோடாக வந்தால் கேசட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அடியில் உள்ள செம்பு முனைகளில் அழுக்கு. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு முனைகளைத் தேயுங்கள், பஞ்சு கறுப்பாவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வாயால் ஊதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் முனைகளை அரிக்கும்.

7. மூன்று கேசட் போதும்

ஆரம்பத்தில் மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள் என்பது என் கோரிக்கை. எந்த நாளும் பத்து நிமிடம் போட்டு ஆட ஒன்று, வாரக்கணக்கில் தொடர ஒன்று, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் எடுக்க ஒன்று. என்னைக் கேட்டால் மாரியோ வேர்ல்டு, செல்டா, மாரியோ கார்ட். ஆர்பிஜி பிரியர் செல்டாவின் இடத்தில் குரோனோ டிரிக்கரை வைக்கலாம். தனியாக மட்டுமே ஆடுபவர் மாரியோ கார்ட்டை விட்டுவிட்டு எஃப்-ஜீரோவையோ ஸ்டார் ஃபாக்ஸையோ எடுக்கலாம். பத்துக் கேசட்டை ஒரே நேரத்தில் அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கடினமாகும் இடத்திலேயே அடுத்ததற்குத் தாவுவோம், எதையும் பாதிக்கு மேல் பார்க்க மாட்டோம். மூன்றே இருந்தால் அந்தக் கடினமான இடத்தைத் தாண்டுவோம்.

நீண்ட கேமை ஆடும்போது பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். அணைக்கும் முன் ஒரே ஒரு வரி: எங்கே நிற்கிறேன், அடுத்து எங்கே போக வேண்டும். என் செல்டா நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘ஏரிக்கு வடக்கே விரிசல் விட்ட சுவர், குண்டு இல்லை. மேற்கே கிராமத்தில் வாங்கிக்கொண்டு வா.’ அதை எழுதி ஒன்பது நாள் கழித்துத்தான் மறுபடி போட்டேன், நேராகக் கிராமத்துக்கு நடந்தேன்.